கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள்: பாஸ்தா பற்றி வாசகர்கள் கேட்டவை

வீட்டில் பாஸ்தா சமைப்பதில் உள்ள ஐயங்களை எழுதியனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையை வெவ்வேறு சொற்களில் சொல்லின: ஒட்டிக்கொள்கிறது, குழைகிறது, சாஸ் தனியாக நிற்கிறது. அவற்றோடு, நாம் எதிர்பாராத சில கேள்விகளும் வந்திருந்தன. தேர்ந்தெடுத்தவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

ஒட்டாமல் இருப்பதற்காகக் கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய் விடுகிறேன். வெந்ததும் வடிகட்டி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுகிறேன். அப்படியும் சாஸில் போட்டுக் கிளறியதும் களி போல் ஆகிவிடுகிறது. எங்கே தவறு செய்கிறேன்? (தஞ்சாவூர் வாசகி)

தவறு மூன்று இடங்களில் நேர்ந்திருக்கலாம். முதலாவது, நீங்கள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே, கடையில் நேர்ந்தது. பாஸ்தா உறையைத் திருப்பி, என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். இத்தாலியில் உலர் பாஸ்தாவை டூரம் கோதுமையின் ரவையும் தண்ணீரும் கொண்டுதான் செய்ய வேண்டும் என்று 1967ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றினார்கள். நம் நாட்டில் மைதாவில் செய்ததையும் பாஸ்தா, மக்ரோனி என்ற பெயரில் விற்கலாம். டூரம் கோதுமை மணி கடினமானது, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது, மஞ்சள் சாயல் உடையது. அதன் ரவையைப் பிசைந்து அச்சில் பிழிந்து உலர்த்தும்போது, கோதுமைப் புரதம் வலை போல் படர்ந்து மாவுச்சத்தைத் தனக்குள் இறுகப் பிடித்துக்கொள்கிறது. மைதாவில் அந்த வலை வலுவற்றது. ஆகையால் கொதிநீரில் அது அறுந்து மாவுச்சத்து வெளியே கசிய, நீங்கள் சொல்லும் களி உண்டாகிறது. உறையில் ‘டூரம் வீட் செமோலினா’ என்று இருக்க வேண்டும்; 100 கிராமில் புரதம் 12 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. இது சரியாக இல்லையென்றால் மற்ற இரண்டையும் எவ்வளவு திருத்தினாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

இரண்டாவது, பாத்திரமும் தண்ணீரும். இத்தாலியர் வாய்பாடு போல் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாஸ்தா தண்ணீருக்குள் விழுந்த முதல் இரண்டு நிமிடங்களில்தான் அதன் மேற்பரப்பு பசையாகிறது. தண்ணீர் குறைவாக இருந்து, கிளறாமலும் விட்டுவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டுவது அப்போதே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நிமிடமும் அடுப்பை விட்டு நகராமல், நீளமான கரண்டியால் அடிவரை கிளறிக்கொடுங்கள். எண்ணெய் எதற்கும் பயன்படாது. அது தண்ணீரின் மேல் மிதக்கும், பாஸ்தாவோ கீழே கிடக்கும். வடிக்கும்போது மட்டும் அந்த எண்ணெய் பாஸ்தாவின் மேல் பூசிக்கொள்ளும், பிறகு சாஸ் அதில் பிடிக்காமல் வழுக்கும். உப்பைக் கரண்டியால் அளப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 10 கிராம் தூளுப்பு என்பது தலைதட்டி ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, கல்லுப்புக்கு இந்தக் கரண்டிக் கணக்கு பொருந்தாது, நிறுத்துப் போடுவதே சரி. எனக்கு 10 கிராம் சற்று அதிகமாகப் படுவதால் 7 அல்லது 8 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாவது, பதம். நீங்கள் பாஸ்தாவை முழுக்க வேகவைத்து, அலசி, மறுபடியும் சூடான சாஸில் போட்டுக் கிளறுகிறீர்கள். அதாவது ஒன்றை இரண்டு முறை வேகவைக்கிறீர்கள். பிரியாணிக்கு அரிசியை முக்கால் வேக்காட்டில் வடித்துத் தம்மில் போடுகிறோமே, இங்கும் அதே நியாயம்தான். உறையில் 11 நிமிடம் என்று அச்சிட்டிருந்தால் 9ஆவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிப்புறம் ஒரே சீரான மஞ்சளாகவும், சதையின் நடுவே மட்டும் நூலிழை போல ஒரு வெள்ளைக் கோடும் தெரியும். மாவு இன்னும் நீரை ஏற்காத இடம் அதுதான். அந்தக் கோடு மெலிந்து மறையப்போகும் நேரத்தில் எடுத்துச் சாஸில் சேர்க்க வேண்டும். மீதி வேக்காடு அங்கே நடக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாஸ்தாவுக்கும் செல்லும், ஆனால் எல்லாம் ஒரே வடிவமாக இருக்க வேண்டும். மீந்துபோன இரண்டு மூன்று பொட்டலங்களை ஒன்றாகக் கொட்டி வேகவைத்தால் எதன் பதத்தையும் நம்ப முடியாது.

அலசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆறவைத்துச் சாலட் செய்வதற்கு மட்டுமே அது தேவைப்படும். வடிக்கும் முன், பாத்திரத்திலுள்ள தண்ணீரில் ஒரு பெரிய குவளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது வெறும் தண்ணீரல்ல, உப்பிட்ட கஞ்சி. அடுத்த கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

தக்காளி சாஸ் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பாஸ்தாவின் மேல் ஊற்றினால் தட்டின் அடியில் தண்ணீர் தேங்குகிறது, மேலே பாஸ்தா வெறுமையாக நிற்கிறது. உணவகத்தில் மட்டும் எப்படி இழைந்து வருகிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

‘மேல் ஊற்றினால்’ என்று எழுதியிருக்கிறீர்கள், குறை அங்கேதான். சோற்றின் மேல் குழம்பு ஊற்றுவது நமக்குப் பழக்கம், ஏனென்றால் சோறு குழம்பை உறிஞ்சும், பிறகு நாம் கையால் பிசைந்தும் கொள்வோம். பாஸ்தா அவ்வாறு உறிஞ்சாது. அதைச் சாஸுக்குள் போட்டு, அடுப்பின் மேலேயே இரண்டையும் சேர்க்க வேண்டும்.

முதலில் தக்காளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம், சதை குறைவு; ரசத்துக்கு அதற்கு இணையில்லை. இந்தச் சாஸுக்குச் சதைப்பற்றுள்ள, நீள்வடிவான பெங்களூர்த் தக்காளியே பொருந்தும், ஆனால் அது நன்கு பழுத்திருக்க வேண்டும். கடையிலிருந்து வந்த அன்றே சமைக்காமல், கூடையில் இரண்டு மூன்று நாள் வெளியே வைத்திருந்து, காம்பருகே பச்சை முழுதும் மறைந்த பிறகு எடுங்கள். இருவருக்கு அரைக் கிலோ போதும். அடியில் கத்தியால் குறுக்காகக் கீறி, கொதிநீரில் அரை நிமிடம் போட்டு எடுத்தால் தோல் கையோடு வந்துவிடும். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் மூன்று பல் பூண்டைத் தட்டிப் போட்டு, அது பொன்னிறத்தைத் தொடும் முன்பே தக்காளியைச் சேர்த்து, மிதமான தீயில் 20 முதல் 25 நிமிடம் வற்றவிடுங்கள். பூண்டு சிவந்துவிட்டால் கசக்கும். கசப்பை எதுவும் மறைக்காது. வெங்காயம், சோம்பு, மிளகாய்த்தூள், கரம் மசாலா என்று சேர்த்துக்கொண்டே போனால் அது சுவையான தொக்காகும். அதையும் பாஸ்தாவோடு உண்ணலாம்தான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்ல.

இனிச் சேர்க்கும் முறை. சாஸ் அகலமான வாணலியில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, இரண்டு நிமிட வேக்காடு மீதமிருக்கும் பாஸ்தாவை நீர் சொட்டச் சொட்ட எடுத்து நேராக அதில் போடுங்கள். ஒரு கரண்டிக் கஞ்சி ஊற்றி, தீயைக் கூட்டி, கைவிடாமல் புரட்டுங்கள். முதலில் எல்லாம் நீர்த்துப் பிரிந்து, வாணலி ஓரமெங்கும் எண்ணெய் தனித்தனிப் பொட்டுகளாக மிதக்கும். பதற்றப்பட்டு இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்ற வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் குமிழிகள் பெரிதாகி, கொதிக்கும் ஓசை தடிக்கத் தொடங்கும்; எண்ணெய்ப் பொட்டுகள் காணாமல் போகும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து, எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் பிரியவிடாமல் கட்டிப்போடுவதால் வரும் மாற்றம் இது. அப்போது கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தப் பாதை உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு நொடி திறந்திருந்து, பிறகு மெல்ல மூடும். அடுப்பை அணைக்க வேண்டிய நேரம் அதுவே. தட்டுக்குப் போகும் வழியில் இன்னும் சற்று இறுகும் என்பதால், நீங்கள் விரும்பும் பதத்தைவிட ஒரு பங்கு தளர்வாகவே இறக்குங்கள்.

சாஸ் பிடிப்பதில் பாஸ்தாவின் மேற்பரப்புக்கும் பங்குண்டு. வெண்கல அச்சில் பிழிந்தவை சொரசொரப்பாகவும் மாவு படிந்தது போல வெளிறியும் இருக்கும். டெஃப்ளான் பூசிய அச்சில் வந்தவை வழவழப்பாகப் பளபளக்கும். கடையில் எடுக்கும்போது பளபளப்பைக் கண்டு மயங்க வேண்டாம்.

துளசியைக் கிள்ளிப் போடலாமா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். பேசில் என்பது துளசியின் உறவுதான், துளசியல்ல. நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை என்று சொல்லும் செடியே அந்த இனம். சப்ஜா விதை அதிலிருந்துதான் கிடைக்கிறது. இத்தாலிய வகையைவிட நம்முடையதில் காரமான மணம் தூக்கலாக இருப்பதால் நாலைந்து இலை போதும், அதையும் அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

உறையில் போட்டிருக்கும் நேரப்படி வேகவைத்தால் எங்கள் வீட்டில் எப்போதும் அரைவேக்காடாகவே இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் அக்கா அதே பாஸ்தாவை அதே நேரத்தில் சரியாக வேகவைக்கிறார். (உதகை வாசகி)

உங்கள் கைமேல் பிழையில்லை, ஊர் உயரத்தில் இருக்கிறது. உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவென்பதால் தண்ணீர் 100 டிகிரியை எட்டாமல், 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வேகமாக ஆவியாகுமே தவிர, அதற்கு மேல் சூடேறாது. ஆகையால் அச்சிட்ட நேரத்தைக் கணக்கில் கொள்ளாமல், அந்த நேரம் முடிந்ததும் ஒன்றை வெட்டிப் பார்த்து, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் அந்த வகைக்கு அதுவே உங்கள் வீட்டு நேரம்.

உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்று யாரேனும் சொன்னால், ஏறும் என்பது உண்மைதான். ஆனால் லிட்டருக்கு 10 கிராம் உப்பு அதை 0.2 டிகிரிகூட உயர்த்துவதில்லை. உப்பு சுவைக்காக மட்டுமே. தான் வேகும் தண்ணீரிலிருந்து அல்லாமல் பாஸ்தாவுக்கு உள்ளே உப்பு ஏற வேறு வழி கிடையாது.

குக்கரில் ஒரு விசில் விட்டால் போதாதா? (மதுரை வாசகர்)

வேண்டாம். பாஸ்தாக் கஞ்சி நுரைத்துப் பொங்கும், அந்த நுரை ஆவித் துளையை அடைத்துக்கொள்ளக்கூடும். அடைக்காவிட்டாலும், மூடியைத் திறந்து பதம் பார்க்க முடியாத பாத்திரத்தில் பாஸ்தா வேகவைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோப்பது போன்றது.

எரிவாயுவை மிச்சப்படுத்த, தண்ணீர் கொதித்ததும் பாஸ்தாவைப் போட்டு அடுப்பை அணைத்துவிடலாம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நம்பலாமா? (சேலம் வாசகி)

நம்பலாம், சில நிபந்தனைகளோடு. 2021ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜோர்ஜோ பாரிசி, எரிபொருள் விலை ஐரோப்பாவில் ஏறியிருந்த 2022இல் இந்த முறையைப் பொதுவெளியில் எடுத்துச் சொன்னார். சமையல் வல்லுநர்கள் சிலர், இயற்பியலாளருக்குச் சமையலறையில் என்ன வேலை என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். மாவுச்சத்து வேகவும் புரதம் இறுகவும் கொதிநிலை தேவையில்லை, 80 டிகிரிக்கு மேல் இருந்தாலே நடக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. பாஸ்தாவைப் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, கிளறி, இறுக்கமான மூடியால் மூடி அணைத்துவிட வேண்டும். நேரம் ஒன்றிரண்டு நிமிடம் கூடும். பாத்திரம் கனமாக இருக்க வேண்டும், தண்ணீரும் நிறைய இருக்க வேண்டும். மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீரை வைத்துச் செய்தால் சூடு நிற்காது, பாஸ்தா ரப்பராகும். உதகை வாசகி இதை முயல வேண்டாம்.

மிளகும் சீஸும் மட்டும் சேர்த்துச் செய்யும் ரோம் நகரத்துப் பாஸ்தாவைச் செய்து பார்த்தேன். சீஸ் உருகாமல் உருண்டையாகத் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் முறையும் அதே கதை. (புதுச்சேரி வாசகர்)

காச்சோ ஏ பேப்பே என்ற அந்தப் பாஸ்தாவில் இருப்பவை பாஸ்தா, பெக்கோரினோ ரொமானோ என்ற செம்மறியாட்டுப்பால் சீஸ், மிளகு, கஞ்சி, அவ்வளவே. பொருள்கள் குறைவு என்பதாலேயே அது கடினமானது. நான் முதல்முறை செய்தபோது, விருந்தினர் மேசையில் அமர்ந்துவிட்ட நேரத்தில், வாணலியில் சூயிங்கம் போன்ற ஒரு வெள்ளைக் கட்டியும் அதைச் சுற்றி மோர் போன்ற நீரும்தான் இருந்தன. அன்றைக்கு எல்லோருக்கும் தயிர்சாதம்.

அந்தக் கட்டி ஏன் உண்டாகிறது என்பதை இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் சோதனைக்கூடத்திலேயே ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு, இயற்பியல் பிரிவில் அதே ஆண்டு அதற்குக் கிடைத்தது. அவர்கள் கண்டது இது: சீஸின் புரதங்கள் சூடேறும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள்கின்றன. அவற்றுக்கிடையே போதிய மாவுச்சத்து இருந்தால் அந்தத் திரட்சி தடைபடும். சீஸின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே மாவுச்சத்து இருந்தால் திரள்வது உறுதி; இரண்டு முதல் மூன்று விழுக்காடு இருந்தால் சாஸ் வெண்ணெய் போல் இழையும்; அதற்கு மேல் போனால் ஆறும்போது கெட்டியாகிவிடும். வீட்டில் வடிக்கும் கஞ்சி, குறிப்பாக நிறையத் தண்ணீரில் வேகவைத்த கஞ்சி, இதற்குப் போதுமான அளவு மாவுச்சத்து கொண்டதல்ல. உங்களுக்கும் எனக்கும் நேர்ந்தது அதுதான்.

அவர்கள் காட்டிய வழியை நம் வீட்டு அளவுக்குச் சுருக்கினால்: 100 கிராம் சீஸுக்குத் தலைதட்டி ஒரு தேக்கரண்டி சோளமாவு, அதாவது கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டு வாங்கும் வெள்ளை மாவு. அதை 30 மில்லி தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறினால் கண்ணாடி போன்ற கூழாகும். அதில் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீர் விட்டு ஆற்றி, துருவிய சீஸைச் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விடுங்கள். பசை போன்ற விழுது கிடைக்கும். 150 கிராம் பாஸ்தாவை வடித்து, கொதி அடங்க ஒரு நிமிடம் பொறுத்து, அடுப்பை அணைத்த வாணலியில் இந்த விழுதையும் மிளகையும் சேர்த்துப் புரட்டுங்கள். கெட்டியானால் சிறிது கஞ்சி. சீஸ் சேர்ந்த பிறகு வாணலி தீயின் மேல் இருக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இதற்குத் தேர்ந்த ரோமானியச் சமையற்காரர்களிடம் சோளமாவு என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும், தயிர்சாதம் பரிமாறியது நானல்லவா.

தகர டப்பியில் தூளாக விற்கும் சீஸ் இதற்கு உதவாது. தூள் ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் அதை இழையவிடாமல் தடுக்கும். கட்டியாக வாங்கி நீங்களே மெல்லியதாகத் துருவுங்கள். மிளகை வெறும் வாணலியில் மணம் எழும்வரை வறுத்து, ஒன்றிரண்டாக இடியுங்கள். உலகின் எந்த மூலையில் இருப்பவரைவிடவும் நமக்கு இதில் வசதி அதிகம். சேரநாட்டு முசிறியில் பொன்னைக் கொடுத்து யவனர் கப்பல்கள் ஏற்றிச் சென்ற மிளகு போய்ச் சேர்ந்த நகரங்களில் ரோமும் ஒன்று, ஆகவே இந்த உணவில் பாதி நம் பக்கத்துச் சரக்கு என்று உரிமை கொண்டாடலாம்.

நாங்கள் சைவம். பார்மேசான் சீஸ் சேர்க்கலாமா? (திருநெல்வேலி வாசகி)

அசல் பார்மேசானான, இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைச் சேர்க்க முடியாது. அதற்கான விதிமுறைப்படி, பாலைத் திரிப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைத்தான் பயன்படுத்த வேண்டும். பெக்கோரினோ ரொமானோவுக்கும் ஆட்டுக்குட்டியின் ரென்னெட் வேண்டும். உணவகங்களில் ‘சைவப் பாஸ்தா’ என்று பட்டியலிட்டிருந்தாலும், மேலே தூவும் சீஸ் எது என்று கேட்டுவிடுவது நல்லது. நம் நாட்டில் நுண்ணுயிரிகளிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு பார்மேசான் பாணியில் சீஸ் செய்கிறார்கள். உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சுவை நெருங்கி வரும், ஆனால் நன்கு முதிர்ந்த வகையாகத் தேட வேண்டும்.

ஒயிட் சாஸில் மாவு கட்டிதட்டுகிறது. (விருதுநகர் வாசகர்)

20 கிராம் வெண்ணெயில் 20 கிராம் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல், பச்சை வாசனை போகும்வரை இரண்டு நிமிடம் வறுத்த பிறகு, 300 மில்லி பாலைக் குளிர்ந்த நிலையில், முதலில் கால் குவளை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். அது கெட்டிப் பசையானதும் அடுத்த கால் குவளை. பால் முழுவதையும் ஒரேயடியாக ஊற்றுவதாலேயே கட்டிதட்டுகிறது. இத்தாலியில் இந்தச் சாஸைப் பெரும்பாலும் லசானியா போன்ற சுட்ட உணவுகளின் அடுக்குகளுக்குள்தான் காணலாம். பென்னே என்ற குழல் பாஸ்தாவை அதில் மிதக்கவிட்டுத் தருவது நம் ஊர்க் காபிக் கடைகளின் வழக்கம். எனக்கு அதன்மேல் பெரிய ஈடுபாடு கிடையாது, என் வீட்டுக் குழந்தைகளுக்கோ அதைத் தவிர வேறெதுவும் பாஸ்தாவே இல்லை.

முட்டை சேர்க்காமல் பாஸ்தாவை வீட்டிலேயே செய்ய முடியுமா? இயந்திரம் எதுவும் இல்லை. முறுக்கு உரல் இருக்கிறது. (காரைக்குடி வாசகி)

முடியும். முட்டை சேர்ப்பது வட இத்தாலியின் வழக்கம். பொலோனியாவில் 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்பது கணக்கு. அங்கே தாலியாத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தா வெந்த பிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று 1972இல் முடிவுசெய்து, தங்கத்தில் ஒரு மாதிரி செய்து வர்த்தகச் சங்கத்தில் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ளலாம். தென் இத்தாலியில் டூரம் ரவையும் வெந்நீரும் மட்டும்தான். 100 கிராமுக்கு 50 மில்லி, அதற்கு மேல் சொட்டும் வேண்டாம்.

ரவை விஷயத்தில் கவனம் தேவை. உப்புமாவுக்கு வாங்கும் பம்பாய் ரவை டூரம் அல்ல, பருமனும் அதிகம். டூரம் வகையைச் சேர்ந்த பன்சி ரவை கிடைத்தால் அதை வாங்கி, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்து, சலித்து எடுங்கள். விரலிடையில் மாவு போலவும் இருக்க வேண்டும், சற்றே நறநறக்கவும் வேண்டும். வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிசையுங்கள். முதலில் உதிரும், ஒட்டாது, தண்ணீர் போதவில்லை என்று மனம் சொல்லும், சொன்னபடி கேட்காதீர்கள். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் அது திரண்டு வழவழப்பாகும். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடிவையுங்கள்.

முறுக்கு உரலைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் வெனிஸ் நகரம் இருக்கும் வெனெட்டோ பகுதியில் பிகோலி என்ற பருத்த நூல் பாஸ்தாவை ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு மரப் பலகையில் திருகு உரலைப் பொருத்தி, பலகையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு திருகிப் பிழிகிறார்கள். நான் தேன்குழல் அச்சுப் போட்டு, திருகு உரலில் முயன்றிருக்கிறேன். இடியாப்ப மாவைப் போல் இது இளகியதல்ல, நன்றாகக் கை நோகும். கையால் அழுத்தும் மர உரல் தாங்காது, திருகு உரல்தான் வேண்டும். சிறு சிறு உருண்டையாக இட்டு, பிழிந்ததை ரவை தூவிய துணியில் பரப்பி, அரை மணி ஆறவிட்டு வேகவைத்தால், நான்கைந்து நிமிடத்தில் பதமாகிவிடும்.

உரலோடு போராட விருப்பமில்லையென்றால் ஒரெக்கியெத்தே செய்யுங்கள். சிறிய காது என்று பொருள். மாவைச் சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி, கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் முனை மழுங்கிய கத்தியால் பலகையின் மேல் தன்பக்கமாக இழுத்தால் அது சோழி போல் சுருளும். பிறகு அதைக் கட்டைவிரல் நுனியில் கவிழ்த்து வெளிப்பக்கம் உள்ளாகத் திருப்பினால் காது. தென் இத்தாலியின் பாரி நகரத்துப் பழைய வீதி ஒன்றில் பெண்கள் வாசலில் மேசை போட்டு அமர்ந்து, பேசிக்கொண்டே நாள் முழுவதும் இதைச் செய்து சல்லடைப் பலகைகளில் உலர்த்துவார்கள். நம் வீடுகளில் கூடத்தில் உட்கார்ந்து சீடை உருட்டிய கைகளுக்கு இது அரை மணிப் பழக்கம்.

பாஸ்தாவைச் சீனாவிலிருந்து மார்க்கோ போலோ கொண்டுவந்தார் என்பது உண்மையா? (நாகர்கோவில் மாணவர்)

உண்மையில்லை. மார்க்கோ போலோ வெனிஸுக்குத் திரும்பியது 1295இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்பே, 1279இல், ஜெனோவாவில் இறந்த ஒருவரின் உடைமைப் பட்டியலில் ஒரு பெட்டி நிறைய மக்ரோனி எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் பின்னால் போனால், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் 1154இல் எழுதி முடித்த நிலவியல் நூலில், பலெர்மோவுக்கு அருகிலுள்ள திராபியா என்ற ஊரில் இத்ரிய்யா என்ற மாவு இழைகளைப் பெருமளவில் செய்து, கப்பலில் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள் என்று குறித்திருக்கிறார். உலர்ந்த பாஸ்தா மத்தியதரைக் கடலோரத்தில் அரபு மக்களின் தொடர்போடு வளர்ந்தது என்றே கொள்ள வேண்டும். மார்க்கோ போலோ திரும்பும் வழியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதியிருக்கிறார். நம் இடியாப்பத்தைக் கொண்டுபோனதாக யாரும் கதை கட்டாதது வியப்புதான்.

காலையில் செய்து மகளுக்கு மதிய உணவாகக் கொடுத்தனுப்பினால், பெட்டியைத் திறக்கும்போது பாஸ்தா ஒரே கட்டியாக இருக்கிறதாம். (திருச்சி வாசகி)

நீளமான வகைகளை மதியப் பெட்டிக்கு விலக்கிவிடுங்கள். பென்னே, ஃபுஸில்லி போன்ற சிறு வடிவங்களே சரி. வழக்கத்தைவிட ஒரு நிமிடம் முன்னதாக எடுங்கள், ஏனெனில் மூடிய பெட்டிக்குள் சூடு அதை மேலும் வேகவைக்கும். சாஸோடு புரட்டும்போது கஞ்சியை இரண்டு கரண்டி கூடுதலாக விட்டு, தட்டில் பரிமாறினால் நீர்த்ததாகத் தோன்றும் அளவுக்குத் தளர்வாக இறக்குங்கள். நான்கு மணி நேரத்தில் அந்த நீரைப் பாஸ்தா தானே எடுத்துக்கொள்ளும். மோத்ஸரெல்லா சீஸ் ஆறினால் ரப்பராகும் என்பதால் பெட்டிக்கு அது வேண்டாம், தக்காளி சாஸ் போதும். தட்டில் பரப்பி ஆவி அடங்கிய பிறகு பெட்டியில் போட்டு, மேலே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கலந்து மூடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் வேண்டாம் என்று சொன்ன அதே எண்ணெய்தான். அதற்கு வேலை இங்கே இருக்கிறது.